முப்பத்திநாலில் போன கரண்ட்

தொண்ணூறுகளின் நடுவில், காந்திபுரத்தில் ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் ஜாதகக் கடையில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த பெண் என்று வீட்டில் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். படித்த படிப்புக்குச் செவ்வாய் எந்த வீட்டில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை என்பதை மட்டும் சொந்தக்காரர்களிடம் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

கடைக்காரர் அதற்கு முன்னால் அதே மாடியில் கிணற்று மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிக்கொண்டிருந்தவர். ஜாதகத்துக்கு மாறிய பிறகும் அவருக்குக் கம்ப்யூட்டர் ஒரு மோட்டார்தான். மெதுவாக ஓடினால் "லோடு அதிகமாயிருச்சு அம்மணி" என்பார். அடிக்கடி மானிட்டரின் முதுகில் கை வைத்துச் சூடு பார்ப்பார். நான் எழுதிய புரோகிராமில் ஒரு வரிகூட அவர் படித்ததில்லை. ஆனால் அது ஓடும்போது பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேட்பார். "சத்தம் நல்லா வருது" என்பதுதான் எனக்குக் கிடைத்த பாராட்டு.

எங்களிடம் இருந்தது இன்னொருவர் ஓட்டித் தேய்த்துவிட்டு விற்ற பழைய மிஷின். பையனுக்கும் பெண்ணுக்கும் பிறந்த நேரத்தைக் கொடுத்தால், அது இருவருக்கும் கிரகங்களைக் கணித்து, கட்டம் போட்டு, தசா புத்தி எல்லாம் பார்த்து, கடைசியில்தான் பத்துப் பொருத்தத்துக்கு வரும். அதற்குள் கீழே இறங்கிப் போய் டீ குடித்து, டீக்கடைக்காரரோடு அரசியலும் பேசிவிட்டு வந்துவிடலாம். அதுவரை திரை கருப்பாகவே இருக்கும். எனக்கு அது ஒரு குறையாகப்படவில்லை. உள்ளே வேலை நடக்கிறது, முடிந்ததும் சொல்லும், அதுவரை வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டியதுதானே என்பது என் கட்சி.

ஆனைமலையிலிருந்து ஒரு அம்மா மகளை அழைத்துக்கொண்டு வந்த அன்றைக்கு அந்தக் கட்சி தோற்றது. மகளின் பிறந்த நேரத்தை நான் தட்டி முடித்ததும் திரை வழக்கம்போல இருண்டது. அந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்து நின்று பார்த்தார். பிறகு நெஞ்சில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏனுங்க, எம் புள்ள ஜாதகத்தப் பாத்து மிசினே மூச்சு உட்டுப்போட்டுதுங்களா?"

கடைக்காரர் ஓடிப் போய் மானிட்டரின் முதுகைத் தொட்டார். "பயப்படாதீங்க, சூடு இருக்குதுங்க. உசுரு இருக்குது" என்றார். இப்படி ஒரு ஆறுதலைக் கேட்ட பிறகு யார் உட்காருவார்கள்? அந்த அம்மா மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார். கொஞ்ச நாளில் ஒரு கல்யாணத் தரகர் எங்கள் கடைக்கே வந்து, ஆனைமலைப் பக்கத்தில் ஒரு பெண்ணின் ஜாதகத்தைத் தாங்க முடியாமல் கோயமுத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் செத்துப்போன கதையை எங்களுக்கே சொன்னார். எந்தக் கம்ப்யூட்டர் என்று நாங்கள் கேட்கவில்லை.

"அம்மணி, உள்ள வேலை நடக்குதுன்னு வெளிய தெரியற மாதிரி ஏதாச்சும் பண்ணிப்போடு" என்றார் கடைக்காரர். "மோட்டாருக்குப் பச்ச லைட்டு எரியுதுல்ல, அந்த மாதிரி."

நான் முதலில் திரையின் நடுவில் "தயவுசெய்து காத்திருக்கவும்" என்று வரும்படி செய்தேன். இதில் என்ன வில்லங்கம் வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன். மறுநாளே வந்தது. முதிர்ந்த பெண்ணோடு வந்த ஒரு தாய் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். "இன்னும் காத்திருக்கோணுமா? இத்தன வருசம் காத்திருந்தது பத்தாதா?" என்று முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். அது பலன் இல்லை, மிஷினுக்காகக் காத்திருக்கச் சொல்கிறது என்று நான் விளக்கினேன். "மிசினு ஏம்மா பொய் சொல்லப்போகுது?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் அழுதார்.

அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டு, அதே இடத்தில் ஒரு சின்னக் கோடு நின்ற இடத்திலேயே சுற்றும்படி செய்தேன். இதில் படிக்க ஒன்றும் இல்லை, அதனால் அழவும் ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஒரு பெரியவர் மட்டும் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இது எடப்பக்கமா சுத்துதே கண்ணு, கோயில்ல இப்படியா சுத்துவாங்க?" என்று கேட்டார். கடைக்காரருக்கு முகம் வெளிறிவிட்டது. அத்தனை நாளாக வந்த ஜோடிகளையெல்லாம் நாங்கள் அப்பிரதட்சணமாகச் சுற்றவிட்டிருக்கிறோம். உட்கார்ந்து வலமாகச் சுற்றும்படி மாற்றினேன். மாற்றிய பிறகு பெண்கள் திரைக்கு முன்னால் கை கூப்பிக்கொண்டு நிற்க ஆரம்பித்தார்கள். ஒருவர் கற்பூரத்தை எடுத்ததும் அதையும் நிறுத்தினேன்.

அப்போதுதான் கடைக்காரர் அந்த யோசனையைச் சொன்னார்.

"ஒண்ணும் வேண்டாம் அம்மணி. 'இதோ வாரேனுங்க' அப்படின்னு போட்டு உடு. மரியாதையாவும் இருக்கும், நம்மூருப் பேச்சாவும் இருக்கும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அந்த வார்த்தை மட்டும் வேண்டாமுங்ணா" என்றேன். நான் சத்தம் போட்டதில் அவர் மிரண்டு போய் மானிட்டரிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

காரணத்தைச் சொல்கிறேன். எனக்கு ஒரு அக்கா. தனியார் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். மூல நட்சத்திரம். மூலத்தில் பிறந்த பெண் மாமனாருக்கு ஆகாது என்று எங்கள் பக்கம் ஒரு பயம் உண்டு. அதனால் அவளுக்கு மாமனார் இல்லாத வீடாகத்தான் தேட வேண்டியிருந்தது. தரகர் வந்து, "அருமையான எடமுங்க, மாப்ளையோட அப்பா போன வருசமே போயிட்டாருங்க" என்று முகமெல்லாம் சிரிப்பாகச் சொல்வார். அம்மாவும் "அப்பாடா!" என்பாள். பிறகு சுதாரித்துக்கொண்டு "அய்யோ பாவம்" என்பாள்.

வந்து பார்த்தவர்களில் ஒருவர்கூட அவளை வேண்டாம் என்று சொன்னதில்லை. எங்கள் ஊரில் மரியாதைக்குக் குறைவு கிடையாது, அந்த மரியாதைதான் எங்கள் உயிரை எடுத்தது. பலகாரம் சாப்பிட்டு, காபி குடித்து, எழுந்து கை கூப்பி, "வாரோமுங்க" என்பார்கள். போகிறவர்கள் போகிறோம் என்று சொல்லக் கூடாது, வருகிறோம் என்றுதான் சொல்ல வேண்டும். அப்பா வாசல்வரை போய், "வாங்க, வாங்க" என்பார். அதோடு சரி. வருகிறார்களா, யோசிக்கிறார்களா, வேறு பெண்ணைப் பார்த்துக் கட்டியே வைத்துவிட்டார்களா, ஒரு தகவலும் இருக்காது. அக்கா கொஞ்ச நாள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்ப்பாள். பிறகு நிமிராமலே விடைத்தாள் திருத்துவாள். கடைசியில் அப்பாவுக்கே சலித்துப்போய், வாசல்வரை போவதை நிறுத்திவிட்டார். யாராவது "வாரோமுங்க" என்றால் உட்கார்ந்த இடத்திலிருந்து தலையை மட்டும் ஆட்டுவார்.

இதையெல்லாம் கடைக்காரரிடம் சொல்லவில்லை. "வாரேன்னு சொல்றவங்க எவ்வளவு தூரம் வந்திருக்காங்கன்னும் சொல்லோணுமுங்ணா. இல்லீன்னா வாரேன்னே சொல்லக் கூடாது" என்று மட்டும் சொன்னேன்.

"அப்பச் சொல்ல வெச்சுப்போடு" என்றார் அவர்.

சொல்ல வைத்தேன். மிஷின் செய்யும் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டு முடியும்போதும் திரையில் ஒரு நீலப் பட்டை இடமிருந்து வலமாக நீளும்படியும், பக்கத்தில் நூற்றுக்கு எவ்வளவு முடிந்தது என்று எண் ஏறும்படியும் எழுதினேன். கடைக்காரர் வாயைப் பிளந்தார். "கெணத்துல தண்ணி ஊறற மாதிரி இருக்குது அம்மணி" என்றார். எனக்கும் கர்வம் தாங்கவில்லை. ஒரே ஒரு குறைதான். தொண்ணூற்றொன்பது வந்ததும் பட்டை அப்படியே நின்றுவிடும். கடைசி வேலை எல்லாவற்றையும் பிரிண்டருக்கு அனுப்புவது, அந்தப் பிரிண்டரோ கடையிலேயே வயதானது. நின்று நிதானமாகத்தான் வாங்கிக்கொள்ளும்.

இந்தத் தடவை யாரும் பயப்படவில்லை, அழவில்லை, கற்பூரம் ஏற்றவில்லை. வேறொன்று செய்தார்கள். முதல் ஆள் ஒரு தரகர். பட்டை எழுபத்திரண்டுக்கு வந்ததும் துள்ளி எழுந்து, "போதுமுங்க, போதுமுங்க! நிறுத்திப்போடுங்க! எழுவத்திரண்டு போதும், பர்ஸ்ட் கிளாஸு!" என்று கத்தினார். அந்த எண்ணைப் பொருத்தத்துக்குக் கிடைத்த மார்க் என்று நினைத்துவிட்டார். அது மார்க் இல்லை என்று நான் சொல்வதற்குள் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் ஒருவருக்கொருவர் கை கூப்பிக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு கடையில் நடந்ததைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பொருத்தம் பார்க்க வருகிறவர்கள் எண் ஏற ஏற நாற்காலி நுனிக்கு வருவார்கள். அறுபது தாண்டினால் பெருமூச்சு. தொண்ணூறு தாண்டினால் சில தாய்மார்களுக்குக் கலக்கம் வந்துவிடும். "இவ்வளவு வேண்டாமுங்க, கண்ணு பட்டுரும். சித்த கொறச்சு உடுங்க" என்பார்கள். கடைசிவரை உட்கார்ந்து பார்த்தால் எல்லா ஜோடிக்கும் நூறு வரும் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. பிரிண்டர் துப்பிய தாளை, அதில்தான் உண்மையான பத்துப் பொருத்தமும் இருந்தது, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

பொறுக்க முடியாமல் நான் ஒரு அட்டையில் கொட்டை எழுத்தில் "இந்த எண் பொருத்தம் அல்ல" என்றும், அதற்குக் கீழே "முடிந்த வேலையின் அளவு" என்றும் எழுதி மானிட்டர் மேல் மாட்டினேன். அன்று வந்த ஒரு அப்பா முதல் வரியைப் படித்தார். "பொருத்தம் இல்லீன்னு மொதல்லயே எழுதி வெச்சிருக்காங்க, வா போலாம்" என்று மகனை எழுப்பிக்கொண்டு போயே போய்விட்டார். கடைக்காரர் அட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "உடு அம்மணி, சனம் சந்தோசமா இருக்குது" என்றார். எனக்கு அந்தச் சனத்தின் மேலும் அவர் மேலும் வந்த கோபம் சொல்லி முடியாது.

இந்தச் சமயத்தில்தான் சூலூரிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். தறி ஓட்டும் குடும்பம். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன். அப்பா இல்லை, அதனால் எங்கள் அம்மாவுக்கு வழக்கம்போல "அப்பாடா, பாவம்". கிளம்புகிற நேரத்தில் மாப்பிள்ளை அக்காவிடம் நேராகவே ஒரு கேள்வி கேட்டார்.

"டீச்சர்ங்கறாங்க. ஒரு மார்க்குல பெயிலாறவனுக்கு அந்த ஒரு மார்க்கப் போட்டு உட்டுருவீங்களா?"

"மாட்டேனுங்க" என்றாள் அக்கா.

"நான் பத்தாவதுல கணக்குல ஒரு மார்க்குலதானுங்க போனேன்" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அக்காவும் சிரித்துவிட்டாள். அவர்கள் போன பிறகு காபி டம்ளர்களைக் கழுவிக்கொண்டே, "இந்த எடம் அமைஞ்சா நல்லாருக்கும் புள்ள" என்று என்னிடம் சொன்னாள். அத்தனை பேர் வந்து போனதில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் கம்ப்யூட்டரில் பொருத்தம் பார்த்தே ஆக வேண்டும். அப்பா அவர்களை எங்கள் கடைக்கே அழைத்து வந்துவிட்டார். மாப்பிள்ளை, அம்மா, தாய்மாமன் மூவரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். அப்பா என் பக்கத்தில். கடைக்காரர் மானிட்டரின் முதுகில் கை வைத்துக்கொண்டு காவல். அந்த எண் எதற்கு என்று முன்கூட்டியே சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். எப்படியும் நூறு வரப்போகிறது, கெடுப்பானேன் என்று எண்களைத் தட்டிவிட்டு உட்கார்ந்தேன். பட்டை ஏறியது. பத்து. இருபது. முப்பது. தாய்மாமன் வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"முப்பத்திரண்டு... முப்பத்திமூணு... முப்பத்திநாலு..."

கரண்ட் போய்விட்டது.

ஃபேன் நின்றது. திரை செத்தது. சன்னலுக்கு வெளியே பஸ் ஹாரன் மட்டும் கேட்டது. தாய்மாமன்தான் முதலில் பேசினார்.

"முப்பத்தஞ்சு எடுத்தாப் பாஸுங்க. ஒரு மார்க்குல போச்சே!"

"கரண்டு வரட்டுமுங்க, மறுக்காப் போட்டுப் பாக்கலாம்" என்றார் கடைக்காரர்.

"மறுக்காவா?" தாய்மாமனுக்குக் கோபமே வந்துவிட்டது. "ஏனுங்க, கோயில்ல பூவாக்குக் கேக்கறோம். ஒருக்காக் கேட்டு செகப்பு வந்துருச்சுன்னா, வெள்ள வாற வரைக்கும் கேட்டுட்டே இருப்பீங்களா?"

கடைக்காரர் பக்திமான். சாமியிடம் பூப்போட்டு, வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம் என்று உத்தரவு கேட்கிறவர்களுக்கு அது பெரிய விதி, ஒரு காரியத்துக்கு ஒரு தடவைதான். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "தப்புங்க, மறுக்காக் கேக்கக் கூடாதுங்க" என்று ஒத்துக்கொண்டுவிட்டார். அந்த இடத்திலேயே அவரை மானிட்டரோடு சேர்த்துக் கீழே தள்ளலாம் போலிருந்தது. அது மார்க் இல்லை, பாதியில் நின்றுபோன வேலை என்று நான் கத்தினேன். தங்கை அக்காவுக்காகப் பேசுகிறாள் என்பதுபோல தாய்மாமன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார். கை கூப்பி, "அப்ப வாரோமுங்க" என்றார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு தலையைக்கூட ஆட்டாமல் உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் மேசைக்கு அடியில் ஃப்யூஸைத் தேடிக்கொண்டிருந்தார். நான் செத்த திரையை முறைத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் படியிறங்கினார்.

மாப்பிள்ளை மட்டும் கடைசிப் படியிலிருந்து திரும்பி மேலே வந்தார்.

"அந்த நம்பரு எதுக்குங்க?"

"உள்ள எவ்வளவு வேலை முடிஞ்சுதுங்கறதுக்குங்க. பொருத்தத்துக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க" என்றேன். அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னதில் அது திட்டுவதுபோல வந்தது.

அவர் யோசித்தார். "அப்ப, முப்பத்திநாலு முடிஞ்சுது, மீதி வேலை இருக்குது. அப்படித்தானுங்களே?"

"அப்படித்தானுங்க."

"செரிங்க" என்று இறங்கிப் போனார்.

வீட்டில் அக்கா கதவருகிலேயே நின்றிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் கதவைச் சாத்தினாள். பிறகு, "மத்தவங்க எத்தனைல நின்னாங்கன்னாவது நமக்குத் தெரிஞ்சுதா புள்ள? இவங்க முப்பத்திநாலு வந்திருக்காங்க" என்றாள். கோயமுத்தூரிலேயே என் பட்டையைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் இரண்டு பேர், அந்த இரண்டு பேருக்கும் கல்யாணம் நடக்கப்போவதில்லை என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

சில நாள் கழித்துக் கடைக்குப் போன் வந்தது. சூலூரில் ஏதோ எஸ்டிடி பூத்திலிருந்து மாப்பிள்ளை.

"ஏனுங்க, நாப்பதுங்க."

"என்னதுங்க நாப்பது?"

"எங்கம்மாவுங்க. பேசிட்டே இருக்கறனுங்க. நாப்பது ஆயிருச்சு. உங்கக்காட்டச் சொல்லிப்போடுங்க."

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அக்கா சமையலறைக்குள் போனாள். அன்றைக்கு ரசத்தில் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது.

அதன் பிறகு போன் வந்துகொண்டே இருந்தது. நான் இல்லாதபோது கடைக்காரர் எடுப்பார். நான் படியேறும்போதே மேலிருந்து, "அம்மணி, உங்கக்காவுக்கு அம்பத்தொண்ணு!" என்று கத்துவார். பொருத்தம் பார்க்க உட்கார்ந்திருந்தவர்களும் கிரிக்கெட் ஸ்கோர்போல விசாரிக்க ஆரம்பித்தார்கள். ஒருநாள் போனை எடுத்தால் மாப்பிள்ளையின் குரல் தொங்கிப்போயிருந்தது.

"மாமா வந்து கொழப்பிப்போட்டாருங்க. மறுக்கா முப்பத்தெட்டு."

"பின்னால போகக் கூடாதுங்க!" என்று நான் பதறினேன். "ஏறுன பட்டை எறங்கவே கூடாது. அப்படி எறங்குனா எழுதுனது தப்புன்னு அர்த்தமுங்க."

"அத எங்கம்மாட்டச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

இதற்கிடையே தரகர் சத்தியமங்கலத்தில் ஒரு இடம் கொண்டுவந்தார். அங்கும் மாமனார் இல்லை. பார்த்துவிட்டுப் போய் ஆச்சரியமாகச் சம்மதமே சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆடி பிறந்துவிட்டால் கல்யாணப் பேச்சே எடுக்க முடியாது, அதற்குள் சரி என்று சொல்லிவிட வேண்டும் என்றார். அக்கா விடைத்தாளிலிருந்து நிமிராமல், "சூலூர் இன்னும் ஓடிட்டிருக்குதுங்கப்பா. ஓடறத நடுவுல நிறுத்தக் கூடாது" என்றாள். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆடிவரைக்கும்தான் பொறுப்பேன், அதற்கு மேல் அவள் பேச்சைக் கேட்கமாட்டேன் என்று துண்டை உதறிக்கொண்டு போனார்.

எண் மறுபடியும் ஏறியது. அறுபது. எழுபத்தைந்து. மாப்பிள்ளை சாப்பிடாமல் இருந்த அன்று ஒரே நாளில் தொண்ணூறு. பிறகு தொண்ணூற்றொன்பது.

அங்கே நின்றுவிட்டது. ஆனி முடியப்போகிறது. அடுத்த போன், தொண்ணூற்றொன்பது. அதற்கடுத்ததும் தொண்ணூற்றொன்பது. சத்தியமங்கலத்துக்குத் தாம்பூலத் தட்டு வாங்க அப்பா கிளம்பிவிட்டார். நான் போனில் மாப்பிள்ளையைக் காய்ச்சி எடுத்தேன்.

"நான் என்ன பண்ணட்டுமுங்க?" என்றார் அவர். "மாமாகூடச் செரின்னுட்டாரு. அம்மாவுக்கும் புள்ளயப் புடிச்சிருக்குது. ஆனா வாயத் தொறந்து செரிங்க மாட்டேங்கறாங்க. என்னன்னு தோண்டித் தோண்டிக் கேட்டா இன்னைக்குத்தான் சொல்றாங்க. அன்னைக்குக் கடைல கெளம்பறப்ப 'வாரோமுங்க'ன்னு சொன்னாங்கல்ல, உங்க பக்கம் ஒருத்தருமே 'வாங்க'ன்னு சொல்லலையாமா. வாரோம்னு சொல்லி நின்னுட்டு இருந்திருக்கறாங்க. வாங்கன்னு சொல்லாத ஊட்டுக்கு எப்படிச் சாமி போறதுங்கறாங்க."

நான் ரிசீவரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருடம் எங்கள் வீட்டு வாசலில் எத்தனையோ பேர் ஒப்புக்குச் சொல்லிவிட்டுப் போன வார்த்தை. அதை மனதாரச் சொன்னவர் ஒரே ஒருவர். அவருக்குத்தான் நாங்கள் பதில் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். "அவ்வளவுதானா?" என்றாள். அப்பா போய்ச் சொல்லட்டும், இல்லை தரகரை அனுப்பலாம், முறைப்படி யாராவது பெரியவர்கள் போனால்தான் மரியாதை என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். அவள் கேட்டாளா என்றே தெரியவில்லை. தலையை வாரினாள். பள்ளிக்கூடத்துக்குக் கட்டுகிற சேலையையே கட்டினாள். கல்யாணமாகாத பெண் தனியாக மாப்பிள்ளை வீட்டுக்குப் போனால் ஊர் என்ன பேசும் என்றேன்.

"ஒரு மார்க்குதான புள்ள. நான் போட்டுட்டு வாரேன்" என்று சூலூர் பஸ் ஏறப் போய்விட்டாள்.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. அவள் எங்கே இருக்கிறாள், யார் என்ன சொன்னார்கள், ஒன்றும் தெரியாது. கருப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஆனைமலை அம்மாவை நினைத்துக்கொண்டேன்.

பொழுது சாயும் நேரத்தில் அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகக் கடைக்கே வந்தாள். கடைக்காரர் மானிட்டரை விட்டுவிட்டு எழுந்து நின்றார். பொருத்தம் பார்க்க வந்திருந்த இரண்டு குடும்பத்தாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன சொன்னாங்க?" என்றேன்.

"ஒண்ணும் சொல்லல. தறிச் சத்தத்துல என்ன பேசறது? காப்பி குடுத்தாங்க, குடிச்சேன். 'எங்கூட்டுக்கு வாங்க'ன்னு கூப்பிட்டேன். கெளம்பறப்ப 'வாரேனுங்க அத்தை'ன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"'வா கண்ணு'ன்னாங்க."